ரொம்பவுக்கு அப்பால்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினருக்கு 'டூ' என்றால் எல்லை தாண்டிவிட்டது, இனி தாங்காது என்று பொருள். இன்னொரு வகையினருக்கு 'டூ' என்றால் பிரமாதம். ரமணாசிரம வாசலிலிருந்து கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் இடம் வரைக்கும் உள்ள டீக்கடை, பழக்கடை, துணிக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாவற்றிலும் இந்த இரண்டு 'டூ'க்களும் நாளெல்லாம் உரசிக்கொண்டு திரிகின்றன. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு 'டூ ஸ்வீட்' என்கிறார். கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் வடை போடுகிறவரிடம், "கேட்டியா, டூ ஸ்வீட்டாம்" என்கிறார். அந்த அம்மாள் காசைக் கொடுத்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஆட்டோக்காரர் மலையைக் காட்டி 'டூ பியூட்டிஃபுல் சார்' என்கிறார். வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டினாலும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடியிருக்கும். இந்த மலை இத்தனை அழகாக இருப்பதால் யாருக்கு என்ன முடியாமல் போயிற்று?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களில் பெரும்பாலோர் ஒருகாலத்தில் இந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணுக்காகப் பதில் எழுதியவர்கள்தாம். 'டூ'வை நீக்கி எழுதுக. 'ஹி ஈஸ் டூ வீக் டு வாக்' என்றிருந்தால், 'ஹி ஈஸ் ஸோ வீக் தட் ஹி கெனாட் வாக்' என்று மாற்ற வேண்டும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் வாக்கியங்களை மாற்றி எழுதும் பகுதி 'டூ'விலிருந்துதான் தொடங்குகிறது. ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். நாவலாசிரியராகவும் பெயர் வாங்கியவர். அவருடைய நாவல்களை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு. அந்த இலக்கணப் புத்தகமோ இன்னும் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்து கிடக்கிறது, மறுபதிப்பும் வருகிறது. நமக்கு அந்தப் பயிற்சி ஒரு சடங்கு. 'டூ' இருந்த இடத்தில் 'ஸோ', 'டு' இருந்த இடத்தில் 'தட்', கடைசியில் மறக்காமல் ஒரு 'நாட்'. பொருள் புரிந்து செய்தவர்கள் கொஞ்சம்தான். புரியாமல் செய்தவர்களும் செய்தது ஒரே காரியத்தை. ஆங்கில வாக்கியத்தைத் தமிழின் முறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏனென்றால் அந்த 'கெனாட்' இல்லாமல் தமிழில் 'டூ' இல்லை.

தமிழில் நம்மிடம் இருப்பது 'ரொம்ப'. நிரம்ப என்பதுதான் வாய்வழக்கில் தேய்ந்து ரொம்ப ஆகியிருக்கிறது. விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது என்கிற அளவில் அந்தச் சொல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று அது சொல்லாது. 'ரொம்ப இனிப்பு' என்றால் பாராட்டாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம். குரலைப் பார்த்தும் முகத்தைப் பார்த்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டீக்கடைக்காரர் 'டூ'வை 'ரொம்ப'வாக மொழிபெயர்த்துக்கொண்டார், முகத்தைப் பார்க்க விட்டுவிட்டார்.

இது தமிழுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நடந்தால் தெரியும். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் 'தும்பா' என்கிறார்கள். கன்னடத்தில் அதுவும் நிரம்புதல்தான், நம் 'ததும்பு'வுக்கு உறவு. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் அண்மைக் காலத்தில் வருகிறவர்களின் கூட்டம் பெருகி, ஊரில் பாதிப் பெயர்ப்பலகைகள் தெலுங்கு பேசத் தொடங்கிவிட்டன. அவர்கள் வாய் ஓயாமல் சொல்வது 'சாலா'. சாலா என்றால் ரொம்ப, 'சாலு' என்றால் போதும். இரண்டும் ஒரே வேர். போதுமான அளவுக்கு வந்துவிட்டதே அவர்களுக்கு 'ரொம்ப'. மலையாளி 'வளரெ' என்கிறான், வளர்ந்திருக்கிறது என்று. நாலு மொழியும் நிறைவதையும் போதுவதையும் வளர்வதையும் வைத்தே மிகுதியைச் சொல்லியிருக்கின்றன. வழிந்து கொட்டுவதற்கென்று அடைமொழி ஒன்றை நால்வரும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அந்த 'சாலா' நமக்கும் சொந்தமான சொல்தான். 'சாலச் சிறந்தது' என்று மேடையில் பேசும்போது மட்டும் எடுக்கிறோம், இறங்கியதும் பெட்டியில் வைத்துவிடுகிறோம். மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி என்று மூன்றைத் தொல்காப்பியம் காட்டுகிறது. பவணந்தி முனிவர் நன்னூல் எழுதும் காலத்தில் அவற்றோடு சால, கூர், கழி மூன்றும் சேர்ந்து ஆறாகின்றன. பள்ளியில் இந்த ஆறையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறோம். ஆறில் ஐந்து, மிகுதியைச் சொல்லி நின்றுவிடுகிறவை. 'கழி'யில் மட்டும் ஒரு தாண்டல் கேட்கிறது. கழிதல் என்றால் கடந்து போதல். கழித்துக் கட்டுவதும் கழிவும்கூட அந்தக் குடும்பம். இருந்தும், இலக்கணக்காரர் அதையும் மற்ற ஐந்தோடு ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார். மிகுதிக்கும் மிகைக்கும் நடுவில் உள்ள கோட்டைப் போடும் வேலை உரிச்சொல்லுடையது அன்று என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நினைத்திருந்தால் அது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு யார் வேலை? வள்ளுவரைக் கேட்கலாம். வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டி ஒன்று வருகிறது. உலகத்தில் பீலியைவிட இலேசான சரக்கு ஏது? ஆனாலும் மேலே மேலே அடுக்கினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். அந்தக் குறளில் 'சால' இருக்கிறது, 'மிகுத்து' இருக்கிறது. இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து வைத்தும், அளவு கடந்துவிட்டது என்பது அந்தச் சொற்களால் நமக்குத் தெரியவில்லை. அச்சு முறிந்ததால் தெரிகிறது. எத்தனை கட்டு பீலி என்றும் அவர் கணக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, அச்சுக்குத் தெரியும். மருந்து அதிகாரத்தைத் தொடங்கும்போதும் இதே முறைதான். மிகுவதும் குறைவதும் என்ன என்று வரையறுக்காமல், அவை நோயைக் கொண்டுவரும் என்கிறார். உடம்பு சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார்.

தமிழ் மிகையைச் சொல்லும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். எது தாங்கவில்லையோ அதைச் சொல்வது. தாங்க முடியாத வெயில். அடங்காப் பசி. ஆறாத் துயர். சொல்லி மாளாத கஷ்டம். கட்டுக்கடங்காத கூட்டம். கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் செய்தித்தாளில் எள் போட்டால் எள் விழ இடமில்லை என்று போடுவார்கள். கூட்டத்தின் எண்ணிக்கையை இலட்சத்தில் சொன்னால் மனத்தில் தைக்காது, கீழே விழ முடியாத எள் தைக்கிறது. எல்லாவற்றிலும் ஓர் எதிர்மறை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். ரென் அண்ட் மார்ட்டின் கேட்ட 'நாட்' அதுதான். 'எக்ஸஸிவ்லி', 'அன்ட்யூலி', 'ஓவர்லி' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தூவினால் போதும், எதற்கு மேல், யாருக்கு மேல் என்று கேட்பவர் ஊகித்துக்கொள்வார், ஊகிக்காமலும் போவார். தமிழில் அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் வாக்கியம் முடியாது. முறிந்த அச்சைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இந்த ஊரின் பெயரே அப்படிப்பட்ட ஓர் எதிர்மறை. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா மலை, நெருங்க முடியாத மலை. 2668 அடி உயரம் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும் இந்த மலையில் ஏறி இறங்குவது ஒன்றும் மனிதனால் ஆகாத காரியமில்லை. காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போனவர்கள் உண்டு. நீலகிரிக்கு முன்னால் இது குன்று. உயரத்துக்காக வைத்த பெயர் இல்லை என்பது தெளிவு. நெருங்க முடியாமல் போனவர்கள் இரண்டு பேர் என்று புராணம் பெயரோடு சொல்கிறது. பன்றியாகித் தோண்டிப் போன திருமால், அன்னமாகிப் பறந்து போன பிரம்மன்.

அந்தக் கதையை அகந்தையின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது மிகைப்படுத்திச் சொல்வதைப் பற்றிய கதையாகவும் படுகிறது. திருமால் திரும்பி வந்து, முடியவில்லை என்று சொல்லிவிடுகிறார். பிரம்மனோ முடியைக் கண்டேன் என்கிறார், மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வருகிறார். தண்டனை இரண்டு பேருக்கும் கிடைக்கிறது. பிரம்மனுக்குக் கோயில் இல்லாமல் போயிற்று, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் இல்லாமல் போயிற்று. தாழம்பூவின் மேல் எனக்கு எப்போதும் ஓர் இரக்கம் உண்டு. பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஆமாம் போட்டதைத் தவிர அது என்ன செய்தது? ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம். அது கிடக்கட்டும். அளக்கப் போனவன் 'முடியவில்லை' என்று வந்து சொன்னால்தான் அளவு கடந்தது என்பதற்குப் பொருள் வருகிறது. 'முடிந்தது' என்று அளந்துவிட்டால் மலை வெறும் உயரமாகிவிடும்.

இதே ஊரில் 1938இல் ஓர் எழுத்தாளருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். சாமர்செட் மாம் ரமணாசிரமத்துக்கு வந்தார். ரமண மகரிஷியைப் பார்ப்பதற்கு முன்பே, ஆசிரமத்தில் தங்கியிருந்த மேஜர் சாட்விக்கின் அறையில் மயங்கி விழுந்தார். மகரிஷி அந்த அறைக்கே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பெரிதாகப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். பிறகு அந்த மயக்கம் ஊர் ஊராக நடந்து வளர்ந்தது. மாம் சமாதி நிலையை எய்திவிட்டார், எல்லையற்றதில் கரைந்துவிட்டார் என்றெல்லாம் பேச்சு. மாம் இருபது ஆண்டுகள் கழித்து 1958இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் மகரிஷியைப் பற்றி நீளமாக எழுதினார். இந்தப் பேச்சையும் அதில் சொல்லி, தனக்கு அதற்கு முன்பும் இப்படி மயக்கம் வந்ததுண்டு என்று சேர்த்துக்கொண்டார். நாவல்காரர், நினைத்திருந்தால் ஒரு சமாதியை எழுதியிருக்க முடியும். 1944இல் வந்த 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் அவருடைய கதாபாத்திரத்துக்கு அப்படியோர் அனுபவத்தைக் கொடுத்தும் இருக்கிறார். தன் பெயரில் எழுதும்போது மட்டும் மயக்கத்தை மயக்கமாகவே விட்டார். தாழம்பூவாக ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை.

மாம் பார்க்க வந்தவருடைய அளவுகள் வேறு மாதிரியானவை. ஆசிரமத்துச் சமையற்கட்டில் சிதறிக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி எடுப்பார் என்றும், பந்தியில் தமக்கு மற்றவர்களைவிடக் கூடப் பரிமாறினால் கடிந்துகொள்வார் என்றும் உடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கரண்டி கூடுதல் எப்படி அதிகம் ஆகும்? இலையில் இடம் இல்லாததால் இல்லை, வயிறு கொள்ளாததாலும் இல்லை. பக்கத்து இலையைப் பார்த்து வைத்த அளவு அது.

அதே ஊரில்தான் கார்த்திகைத் தீபத்துக்கு மலையுச்சிக் கொப்பரையில் 3000 கிலோவுக்கு மேல் நெய்யும் ஆயிரம் மீட்டர் கணக்கில் காடாத்துணியும் எரிகின்றன. பதினொரு நாள் எரியும். இவ்வளவு நெய்யா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் பார்க்க ஓர் இலை இருக்கிறது, சோறு இல்லாதவர்களின் இலை. அடிவாரத்தில் ஒரு கிலோ நெய்க்குக் காசு கட்டி ரசீது வாங்கும் கிராமத்துக் கிழவியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு அது அதிகம் இல்லை, நாலு ஊருக்குத் தெரிய வேண்டுமே என்பாள். தெரியும் தூரம்தான் அவளுடைய அளவு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல்தான் வேறு.

2024 டிசம்பரில் அளவுகோல்கள் இப்படி ஒதுங்கி நிற்க முடியாமல் மோதிக்கொண்டன. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்நாட்டில் நகர்ந்த நேரம். வானிலை ஆய்வு மையம் பலத்த மழைக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறது. கனமழை, மிக கனமழை, அதி கனமழை. ஆங்கில அறிக்கைகளில் உள்ள 'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி' இரண்டுக்கும் தமிழில் எழுதிய சொற்கள். வெறும் அலங்காரம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் 'அதி' போட அனுமதி. அடைமொழிகளில் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளும் அலுவலகம் நம் நாட்டில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. கட்சிச் சுவரொட்டி எழுதுகிறவர்களை அங்கே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பலாம். ஆனாலும் அந்த 'அதி' சொல்வது மழைமானிக் குவளைக்குள் நின்ற தண்ணீரைப் பற்றி மட்டுமே. டிசம்பர் 1 அன்று மாலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு பெயர்ந்து ஒரு வீட்டின் மேல் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மழை அளவு மீறிவிட்டது என்பது குவளையில் தெரியவில்லை, அந்தச் சரிவில் தெரிந்தது. அங்கே வீடு எப்படி வந்தது, மலையின் மேல் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது எது, அது எப்போது போயிற்று என்கிற கேள்விகள் அதற்கு அப்புறம்தான் எழுந்தன. புவியியல் வல்லுநர்கள் வந்து மலையைப் பார்த்தார்கள். டிசம்பர் 13இல் தீபம் ஏறியது, பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை. அண்ணாமலை என்ற பெயர் அன்று ஒரு நிர்வாக உத்தரவு.

'எக்ஸ்ட்ரீம்லி'க்கும் 'டூ'வுக்கும் உள்ள தூரம் அதுதான். முதலாவதற்கு எண் போதும். இரண்டாவதற்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தமிழன் 'டூ'வைக் கடன் வாங்கவில்லை என்று முடித்தால் அது பொய். வாங்கினோம், வேறு பெயரில். 'ஓவர்'. ரொம்ப ஓவரா பண்ணாதே. ஓவர் பில்டப். ஓவர் சீன். ஆங்கிலத்தில் 'ஓவர்' தனியாக நின்று இப்படித் தீர்ப்பு எழுதுவதில்லை, இன்னொரு சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதற்கு வழக்கம். நாம் அதைப் பிய்த்து எடுத்து, பின்னால் ஓர் 'ஆ' சேர்த்து வினையடை ஆக்கிவிட்டோம். கூடவே அதன் தோளில் 'ரொம்ப'வையும் ஏற்றினோம். 'ரொம்ப ஓவர்' என்பதைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை, நிரம்ப வழிந்தது என்று வரும்.

நெடுநாள் எனக்கு இந்த 'ஓவர்' பிடிக்காமல் இருந்தது. ஆங்கிலம் என்பதற்காக இல்லை. அது அச்சைக் காட்டாமல் முறிந்துவிட்டது என்று அறிவிக்கிறது. ஒரு பெண் சத்தமாகச் சிரித்தால் 'ஓவராத்தான் போறா' என்கிறார்கள். எதற்கு மேல் போனாள்? அவள் சிரிப்பால் எது நின்றுபோயிற்று? கேட்டால் பதில் இருக்காது. தாங்க முடியாத சிரிப்பு என்று சொல்ல வேண்டியிருந்தால் தாங்காதவர் யார் என்று அவர் தன்னைக் காட்டிக்கொள்ள நேரும். 'ஓவர்' அந்தச் சங்கடத்திலிருந்து அவரைக் காப்பாற்றுகிறது. நம் மொழி இவ்வளவு பாடுபட்டுக் கட்டாயமாக்கி வைத்த 'யாருக்கு' என்ற கேள்வியை ஒரே சொல்லால் தட்டிவிட்டுப் போவதாகவே அதை நினைத்திருந்தேன்.

அப்புறம் 'வரம்பு' என்ற சொல்லை யோசித்தேன். வரம்பு மீறுதல் அசல் தமிழ். வரம்பு என்றால் வயலின் வரப்பு. பாத்திரம் வழிவதற்கும் வரப்பைத் தாண்டுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாத்திரத்தின் கொள்ளளவைப் பாத்திரம் தீர்மானிக்கிறது. வரப்பை நிலக்காரர் போடுகிறார். அதைத் தாண்டினால் எதுவும் முறிவதில்லை, நிலக்காரருக்குக் கோபம் வருகிறது. தாங்காமையைக் கொண்டு அளந்த தமிழிலேயே, உடைமையைக் கொண்டு அளக்கும் சொல்லும் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில். 2023 ஜனவரி 30 அன்று, தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டிருந்த தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு அதற்குள் நுழைந்து, பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். ஊரின் மற்றச் சாதியினர் எதிர்த்தார்கள். அவர்கள் கண்ணில் அது வரம்பு மீறல். நுழைந்தவர்களால் கோயிலின் எந்தக் கல்லும் பெயரவில்லை. அம்மனுக்குத் தாங்கவில்லை என்று யாரும் சொல்லவும் முடியாது, மாரியம்மனுக்கு எப்போதும் கூட்டம் பிடிக்கும். வரப்பைப் போட்டவர்களுக்கு மட்டும் தாங்கவில்லை.

ஆகவே பழைய தமிழ் எல்லா இடத்திலும் 'யாருக்கு' என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆங்கிலம் வந்து மறைத்துவிட்டது என்று கோடு கிழிக்க முடியவில்லை. 'அதிகப்பிரசங்கி' என்று ஒரு சொல் இருக்கிறதே, வீட்டில் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. பேச வேண்டியதற்கு மேல் பேசுகிறவன். 'ஓவர்' வருவதற்கு வெகு காலம் முன்பே 'ஓவர்' செய்த வேலையைச் செய்தது. அதை யார் யாரைப் பார்த்துச் சொல்வார்கள்? பெரியவர் சின்னவனை, மாமியார் மருமகளை, முதலாளி வேலைக்காரனை. மேலேயிருந்து கீழே மட்டும் உருளும் சொல் அது. அப்பாவைப் பார்த்து 'அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதீங்க' என்று ஒரு மகன் சொல்லிவிட்டு அந்த வீட்டில் இரவுச் சோறு சாப்பிட முடியாது. அப்பா எவ்வளவு பேசினாலும் அது அதிகம் ஆகாது, ஏனென்றால் அளவே அவருடையது.

'ஓவர்' அந்தப் படியில் மேல்நோக்கியும் ஏறுகிறது. "அப்பா, ரொம்ப ஓவரா பண்றீங்க" என்று மகள் சொல்கிறாள். அப்பா முறைக்கிறார், சில நாள் சிரித்தும்விடுகிறார். ஊருக்குள் புதிதாக வந்த சொல் என்பதால் இன்னார்தான் பயன்படுத்தலாம் என்று அதற்கு யாரும் பட்டா எழுதவில்லை. எந்த அச்சு முறிந்தது என்று நிரூபிக்கச் சொல்லாத அதே குணம், நிரூபிக்க வழியில்லாதவர்களுக்கும் உதவுகிறது. மருமகள் மாமியாரைச் சொல்கிறாள், கடைப்பையன் முதலாளியைச் சொல்கிறான், பாதி விளையாட்டாக. பாதி விளையாட்டு என்பதால் தப்பிக்கிறான். தாங்க முடியவில்லை என்று சொன்னால் தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டதாகும். வரம்பு மீறுகிறீர்கள் என்றால் சண்டை. 'ஓவர்' இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிவிடுகிறது.

கிரிவலப் பாதையில் மதியம் மூன்று மணி வெயிலில் இதைக் கேட்கலாம். 14 கிலோமீட்டரையும் வெறுங்காலில் நடந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் தாத்தாக்கள் இங்கே நிறைய. நிருதி லிங்கத்துக்கு முன்னால் ஒரு பெரியவரின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள் பதின்வயதுப் பேத்தி. பின்னால் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் பார்த்து நின்றிருந்தது.

"தாத்தா, இது ரொம்ப ஓவர். காலைப் பாருங்க, கொப்புளம் வந்திருச்சு."

"கொப்புளம் எனக்குத்தானடி வந்திருக்கு?"

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது யாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஈசானிய லிங்கம் வரைக்கும் நடக்கிறேன். அதுக்கப்புறம் நீ சொல்றதைக் கேக்கிறேன்" என்றார். ஈசானிய லிங்கம் எட்டு லிங்கங்களில் கடைசி. பேத்திக்கு அது தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டோவைப் போகச் சொன்னாள்.